பதினெட்டு நிமிட ரயிலும் உஷார் அத்தானும்

உலகத்து ஜீவராசிகளில் உஷார்ப் பேர்வழி என்று ஒரு தனி இனம் உண்டு. நிச்சயம் பார்த்திருப்பீர்கள். ஹோட்டலுக்குள் நுழைந்ததும் மற்றவர்களெல்லாம் மின்விசிறிக்கு அடியில் இடம் தேடும்போது, இவர் மட்டும் முதுகைச் சுவரில் ஒட்டவைத்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்து, சமையலறைக் கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கம் திறக்குமா என்று சர்வரைக் கேட்டு, ‘எதுக்கு சார்?’ என்று அவர் திருப்பிக் கேட்டால் ‘சும்மாதான்’ என்று கண்ணைச் சுருக்கி, அந்த ஒரு ‘சும்மா’விலேயே சர்வரின் பாதி உயிரை வாங்கிவிடுவார். தியேட்டருக்குப் போனால் படம் பார்க்க மாட்டார். படம் பார்க்கிறவர்களைப் பார்ப்பார். பக்கத்து வரிசையில் யாராவது தும்மினால் குனிந்துகொள்வார். தும்மினவர் மன்னிப்புக் கேட்ட பிறகும் கொஞ்ச நேரம் குனிந்தே இருப்பார்.

பிறவியிலேயே இந்த இனம் இப்படி இருப்பதில்லை. எங்கேயோ ஒரு குண்டு வெடிக்கும். அன்று மாலை, தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால், அதே காட்சியைச் சுமார் நாற்பதாவது தடவை காட்டும்போது, அதுவரை சாதுவாக உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத் தலைவரின் ஓட்டை உடைத்துக்கொண்டு உஷார்ப் பேர்வழி வெளியே வருவார். நாற்பது தடவை பார்த்தவருக்கு அது நாற்பது தடவை நடந்த மாதிரி. நாற்பது தடவை நடந்த ஒன்று, நாற்பத்தொன்றாவது தடவை தன் வீட்டு வாசலில் நடக்காமல் எங்கே போகும்? கணக்கு சரிதானே?

எங்கள் குடும்பத்துக்கும் இந்த இனத்தில் ஒன்று வாய்த்தது. என் அக்காவின் கணவர். தொழில், பல் செட் செய்வது. டாக்டர் இல்லை, டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடி விளக்குக்கு அடியில், பல்லுக்குப் பல் இழைத்து இழைத்துச் செய்து தருகிறவர். இந்த நகரத்தில் பாதிப் பேர் அத்தானின் பல்லால்தான் சிரிக்கிறார்கள். அத்தானுக்குத்தான் சிரிக்க நேரமில்லாமல் போனது.

குண்டு வெடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நகரத்தின் மறுகோடியில் இருக்கும் சுரங்க ரயில் நிலையத்தில். வேலைக்குக் கிளம்பினவர்களில் பதினொரு பேர் திரும்பி வரவில்லை. அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. அந்தப் பதினொரு வீடுகளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பும் கிடையாது, யோக்கியதையும் கிடையாது. நான் எழுதுவது பன்னிரண்டாவது வீட்டைப் பற்றி. அதாவது ஒன்றுமே நடக்காத வீடு.

அன்று மாலையே குடும்பக் கூட்டம் கூடியது. அத்தான், அக்கா, அவர்களுடைய ஒரே மகள், மாடி அறையில் குடியிருக்கும் நான். அத்தான் எழுந்து நின்றே பேசினார்.

“இனிமே இந்த வீட்டுல யாரும் ரயில்ல கால் வைக்கக் கூடாது.”

அக்கா எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். பத்தொன்பது வருஷமாக ரயிலில்தான் போய்வருகிறாள். கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள்:

“எங்க வார்டுல முப்பத்திரண்டு கட்டில். ஸ்கூட்டர்ல போனவங்க பதினாலு பேர். பாத்ரூம்ல வழுக்கினவங்க ஒன்பது. ஏணியிலேர்ந்து விழுந்தவங்க நாலு. ஒருத்தர் பேத்தியோட சேர்ந்து கயிறு தாண்டியிருக்கார். மீதி நாலு பேர் எப்படி விழுந்தோம்னு சொல்ல வெட்கப்படறாங்க. ரயில்ல வந்தவங்கன்னு பார்த்தா நாங்க நர்ஸுங்கதான்.”

“அதெல்லாம் விபத்து. இது வேணும்னே பண்றது.”

“எலும்புக்கு அது தெரியுமாங்க?”

பதில் இல்லாதபோது உஷார்ப் பேர்வழி என்ன செய்வார்? சாமான் வாங்குவார்.

மறுநாள் ஆளுக்கொரு விசில் வந்தது. ஆபத்தென்றால் மூன்று தடவை ஊத வேண்டும். அக்கா தன்னுடைய விசிலை வார்டுக்குக் கொண்டுபோய், அழைப்பு மணி வேலை செய்யாத ஒன்பதாம் நம்பர் கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டாள். அடுத்து ரகசியச் சொல் வந்தது. கதவைத் தட்டுகிறவர்கள் அதைச் சொன்னால்தான் திறப்பு. ஒருநாள் மதியம், பணி முடிந்து வந்த அக்காவுக்கும் கதவுக்குப் பின்னால் இருந்த அத்தானுக்கும் நடந்த பேச்சை நான் மாடிப்படியிலிருந்து காதாரக் கேட்டேன்.

“யாரது?”

“நான்தான்.”

“ரகசியச் சொல்?”

“ஏங்க, நூறு கிலோ ஆளோட கால மூணு மணி நேரம் தூக்கிப் பிடிச்சிட்டு வந்திருக்கேன். கதவத் திறங்க.”

“அது ரகசியச் சொல் இல்ல.”

“இப்ப திறக்கலைன்னா நான் சொல்லப்போற சொல் தெருவுல எல்லாருக்கும் கேட்கும்.”

கதவு திறந்தது. இரண்டு நாள் கழித்து அத்தானே ரகசியச் சொல்லை மறந்துவிட்டு வாசலில் நின்று முழித்தார். உள்ளே இருந்த மகள், அப்பா போட்ட சட்டத்தை அப்பாவுக்காகக்கூட மீற மனம் வராமல், அவராக யோசித்துச் சொல்லட்டும் என்று அரைமணி நேரம் காத்திருந்தாள்.

எல்லாவற்றுக்கும் சிகரம், அவசரப் பை. முதுகில் மாட்டுவது. உள்ளே இரண்டு வாரத்துக்கு பிஸ்கட், ஐந்து டார்ச் லைட், பஞ்சு, பேண்டேஜ், நாற்பதடி நீளக் கயிறு. எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து தரை பன்னிரண்டடிதான். மிச்சம் இருபத்தெட்டடி எதற்கு என்று கேட்டதற்கு, ‘இருக்கட்டும்’ என்றார். அவசரத்துக்குக் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று படிக்கட்டுத் திருப்பத்தில் பையை வைத்தார். முதல் வாரத்தில் அதில் தடுக்கி விழுந்தவர்கள்: தண்ணீர் கேன் போடுகிறவர், கீழ்வீட்டு அம்மா, நான், இரண்டு தடவை அத்தான். ஒன்று சொல்ல வேண்டும். கெட்டவன் எவனாவது எங்கள் மாடிக்கு ஏறி வந்திருந்தால் அவனும் பிழைத்திருக்க மாட்டான்.

வேலைக்குப் போக அத்தான் ஒரு பழைய ஸ்கூட்டரை வாங்கினார். அதன் பின் பிரேக், கெஞ்சிக் கேட்டால் பிடிக்கும். ரயிலில் சௌகரியமாகப் பேப்பர் படித்துக்கொண்டு போன மனிதர், லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே சந்து தேடிச் சந்து தேடி முக்கால் மணி நேரம் போனார். ஒரே மாதத்தில் இரண்டு தடவை விழுந்தார். முழங்கையிலும் முழங்காலிலும் கட்டோடு வந்து நின்று, முகம் மலர, “நல்லவேளை, ரயில்ல போகல” என்றார். அக்கா அன்றைக்கு அவரைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

இதற்கிடையில் அத்தான் ஒரு நோட்டுப் புத்தகமும் போட்டிருந்தார். நீல அட்டை. சினிமா தியேட்டர், தபால் ஆபீஸ், சந்தை, ரயில் நிலையம் எல்லாவற்றுக்கும் அதில் படம் உண்டு. எத்தனை வாசல், எது அகலம், எந்தப் படிக்கட்டு எங்கே போகிறது, எங்கே கூட்டம் சேர்கிறது, காவலர்கள் எங்கே நிற்கிறார்கள், எத்தனை மணிக்கு டீ குடிக்கப் போகிறார்கள். பல்லில் மயிரிழைப் பிசகைக்கூடக் கண்டுபிடிக்கிற கண்ணல்லவா! அவ்வளவு நேர்த்தி. பாதுகாப்பில்லாத நேரம் எது, இடம் எது என்று தெரிந்துகொண்டு குடும்பத்தை அந்தப் பக்கம் விடாமல் தடுக்க வேண்டும் என்பதே அதன் ஒரே நோக்கம். இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போலீசாருக்கு அது தெரியாமல் போனதுதான் வினை.

அந்தச் சமயத்தில்தான் அக்கா மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. வேதியியல் படித்துவிட்டு இரண்டு வருஷமாக விண்ணப்பம் எழுதி எழுதி ஓய்ந்திருந்த பெண். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒரே ஒரு இடம். திங்கட்கிழமை காலை பதினொரு மணி. தாமதமாக வருகிறவர்களுக்கு அனுமதி இல்லை என்று கடிதத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் நிலையத்தில் ரயில் ஏறினால் பதினெட்டு நிமிடம். இறங்கிப் படியேறினால் எதிரில் அந்தக் கட்டடம்.

“ரயில் கிடையாது” என்றார் அத்தான்.

“அப்ப டாக்ஸியில போறேன்ப்பா.”

“டாக்ஸி ஓட்டுறவன் யாரு, எவன்னு நமக்குத் தெரியுமா? தெரிஞ்ச ஆளா ஏற்பாடு பண்றேன்.”

தெரிந்த ஆள் என்பவர் முனைக் கடை பேக்கரிக்காரர். தங்கமான மனிதர். ஆனால் ராத்திரியெல்லாம் கண்விழித்து ரொட்டி சுடுகிறவர். அதனால் காலையில் காரை எடுத்தாரென்றால் கண் தானாகச் சொருகும். போன வருஷம் ஒருநாள் காரோடு ஒரு கடைக்குள்ளேயே நுழைந்துவிட்டார். நான் அதை ஞாபகப்படுத்தினேன்.

“அது அவரோட சொந்தக் கடைதானே, மாப்ள!” என்றார் அத்தான்.

பாருங்கள், இதுதான் இந்த இனத்தின் உள் நாடி. முகம் தெரியாத ஒருவன் என்றைக்காவது எங்கேயாவது ஏதாவது செய்துவிடுவானோ என்ற எண்ணத்தில் உடம்பெல்லாம் நடுங்கும். முகம் தெரிந்த ஒருவர் தினமும் தூங்கிக்கொண்டே கார் ஓட்டினால், அது நட்பு.

பதினொரு மணித் தேர்வுக்கு ஏழு மணிக்கே கிளம்பினோம். அக்காவுக்குக் காலைப் பணி; அவள் அதற்கு முன்பே ரயிலில் போய்விட்டாள். முன் சீட்டில் அத்தான், மடியில் அவசரப் பை. பின்னால் வருகிற வண்டிகளில் சந்தேகத்துக்கு இடமானது எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியது என் வேலை. வேலை சுலபமாக இருந்தது. ஏனென்றால் பின்னால் வந்த வண்டிகளெல்லாம் மணிக்கணக்காக அதே வண்டிகளாகவே இருந்தன. நகரத்தில் ஒரு அத்தான்தானா? ரயிலுக்குப் பயந்த அத்தனை அத்தான்களும் அன்று காரில் வந்திருந்தார்கள். சாலை கல்லாகச் சமைந்து கிடந்தது.

ஒன்பது மணிக்கு பேக்கரிக்காரர் முதல் கொட்டாவி விட்டார். ஒன்பதே காலுக்குக் கொட்டாவிக்கும் கொட்டாவிக்கும் இடைவெளி இல்லாமல் போனது.

“ஏதாவது பேசிக்கிட்டே வாம்மா, அவர் முழிச்சிருக்கட்டும்” என்றார் அத்தான்.

பாவம், அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குப் பேசத் தெரிந்தது ஒரே விஷயம்தான். தேர்வுக்குப் படித்ததை பேக்கரிக்காரருக்கு ஒப்பித்தாள். தண்ணீரின் கடினத்தன்மை, அதில் தற்காலிகக் கடினத்தன்மை, நிரந்தரக் கடினத்தன்மை, கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, அந்த அளவைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள். இரண்டாவது வழி பாதியில் இருக்கும்போது பேக்கரிக்காரரின் தலை ஸ்டியரிங்கில் மெதுவாகச் சாய்ந்தது. கார் நடந்துபோகும் வேகத்தில் நகர்ந்து, ரவுண்டானா ஓரத்தில் போலீசார் அடுக்கியிருந்த மணல் மூட்டைகளில் மூக்கை வைத்து நின்றது. சேதம் ஒன்றுமில்லை. முன்விளக்கு ஒன்று கழன்று கண்ணீர்த் துளி போலத் தொங்கியது, அவ்வளவுதான்.

குண்டு வெடித்த பிறகு போட்ட காவல் சாவடி அது. எட்டுப் பேர் துப்பாக்கியோடு சுற்றி வளைத்தார்கள்.

“எல்லாரும் கையைத் தூக்கிட்டு இறங்குங்க!”

மூன்று பேர் இறங்கினோம். நாலாவது ஆள் ஏன் இறங்கவில்லை என்று அதட்டினார்கள்.

“தூங்கறார் சார்” என்றேன்.

டிக்கியைத் திறந்தார்கள். ஆறு பெரிய பொட்டலம் வெள்ளை மாவு. அவசரப் பையைத் திறந்தார்கள். கயிறு, டார்ச் லைட், விசில். போகிற வழியில் ஒரு டாக்டருக்குக் கொடுக்க அத்தான் வைத்திருந்த துணிப்பையைத் திறந்தார்கள். உள்ளே நாலு பேருடைய பற்கள்.

“இது யாரோட பல்லு?” என்று கேட்ட போலீஸ்காரரின் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

“இன்னும் யாரோடதும் இல்ல சார்” என்றார் அத்தான். உண்மைதான். ஆனால் அந்தச் சமயத்தில் உதவுகிற உண்மை இல்லை.

பிறகு அந்த நீல நோட்டு கிடைத்தது. சாவடிக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டர், ஆஜானுபாகுவான மனிதர், சத்தமாக வாசித்தார்.

“ரயில் நிலையம், கிழக்கு வாசல், ரெண்டு காவலர். ஒன்றரை மணிக்குச் சாப்பிடப் போவார்கள். ஒருவர் திரும்பி வருவதில்லை. மேற்கு வாசல், கேமரா உடைந்திருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம் அதிகம்... இதை ரெண்டு தடவை எழுதி அடிக்கோடும் போட்டிருக்கு.” நிமிர்ந்து பார்த்தார். “யாருய்யா இதை எழுதினது?”

“நான்தான் சார். எல்லாம் ஒரு முன்னெச்சரிக்கைக்கு...”

“யாருக்கு எச்சரிக்கை?”

எங்களை ஓரமாக நிற்க வைத்தார்கள். அப்போது மணி பத்து ஐந்து. மூன்று மணி நேரத்தில் நாங்கள் கடந்திருந்த தூரம், ரயிலுக்கு நாலு நிமிடம். சாவடிக்கு நேர் எதிரில் அந்த நாலு நிமிட நிலையத்தின் படிக்கட்டு கீழே இறங்கியது.

என் மருமகள் கையைத் தூக்கியபடியே இன்ஸ்பெக்டரிடம் போனாள். “சார், என் ஃபைல்ல ஒரு கடிதம் இருக்கு, பாருங்க.” அவர் படித்தார். தடித்த எழுத்தை இரண்டு தடவை படித்தார். அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக் குறித்துக்கொண்டார். “நீ போம்மா. ரயில்ல போ. கார்ல போனா சாயங்காலம்தான்.”

அத்தானின் முகத்தில் ரத்தமே இல்லை. தூக்கிய கையோடு கத்த ஆரம்பித்தார்.

“கடைசிப் பெட்டியில ஏறாத! முதல் பெட்டியிலயும் வேணாம்! நடுப் பெட்டியில கூட்டமா இருக்கும், அதுவும் வேணாம்! யாராவது பையை வெச்சிட்டுப் போனா... கதவுகிட்ட நிக்காத... கதவுகிட்டயே நில்லு!”

அவள் படிக்கட்டு வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள். அவர் எதிரில் நின்றாள்.

“அப்பா, எனக்குப் பயமில்லைன்னு நினைச்சுக்காதீங்க. நான் பயந்துக்கிட்டே போயிட்டு வந்துடறேன். நீங்க பயந்துக்கிட்டே இங்க இருங்க.”

போய்விட்டாள். அவளுடைய தலை படிக்கட்டில் இறங்கி மறையும்வரை அத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார். போலீஸ்காரர் கையை இறக்கச் சொன்னார். அது அவர் காதில் விழவில்லை.

தகரக் கூரை போட்ட சாவடி அறைக்குள் எங்களை உட்கார வைத்தார்கள். அவள் இறங்க வேண்டிய இடத்துக்கு இங்கிருந்து ரயிலில் பதினாலு நிமிடம். அத்தான் சுவர்க் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேல்முழுக்க வியர்வை. அவரைப் பார்த்து அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வரவில்லை.

“பேர், விலாசம்லாம் இருக்கட்டும்” என்றார் இன்ஸ்பெக்டர். “இந்த நோட்டை எதுக்கு எழுதினீங்க? நிஜத்தைச் சொல்லுங்க.”

“பயமா இருக்கு சார்” என்றார் அத்தான். அவ்வளவுதான் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். அவர் பேசும்போதெல்லாம் ‘ச’ வருகிற இடத்தில் ஒரு சின்ன விசில் சத்தம் வந்துகொண்டிருந்தது. அத்தானின் கண் கடிகாரத்திலிருந்து இறங்கி அவர் வாயில் நின்றது. வியர்த்து வழிந்துகொண்டிருந்த மனிதருக்குள் தொழில்காரர் தலைதூக்கினார்.

“சார், உங்க மேல் செட் லூசா இருக்கு.”

இரண்டு போலீஸ்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள். ஒருவர் வெளியே போய்விட்டார்.

“என்ன செட்? யாருக்கு செட்?”

“இடது பக்கம் கொஞ்சம் உரசி இருக்கும், சாப்பிடும்போது ஈறு வலிக்கும். அரை நிமிஷ வேலை சார். அரம் என் பையில இருக்கு. உங்க ஆளுங்க எடுத்து வெச்ச ஆயுதங்கள்ல அதுவும் ஒண்ணு.”

இன்ஸ்பெக்டர் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். என்னையும்தான். கதவு மூடியது. உள்ளிருந்து ‘கிரீச் கிரீச்’ என்று சத்தம் வந்தது. கதவு திறந்தபோது இன்ஸ்பெக்டர், “சந்தேகத்துக்கு இடமான சாட்சியம் எதுவும் சிக்கவில்லை” என்று விசில் இல்லாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாக்கியத்தை மூன்று தடவை சொன்னார். என்ன சுகம்!

பத்தரை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஃபோன் வந்தது. அத்தான் எடுக்கும்போதே கீழே போட்டு, எடுத்து, தலைகீழாகக் காதில் வைத்தார்.

“வந்து சேர்ந்துட்டேன்ப்பா. ரயில் காலியா இருந்துது. உட்கார இடம் கிடைச்சுது.”

அத்தான் முகத்தை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் அவருக்கு ஒரு டீ சொன்னார். வெளியே காரில் பேக்கரிக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கைது செய்வதா எழுப்புவதா என்று இரண்டு போலீஸ்காரர்கள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

தெரிந்தவர் ஒருவர் வந்து அடையாளம் சொன்னால் விட்டுவிடலாம் என்றார்கள். அக்கா வார்டிலிருந்து வந்தாள். சீருடையில், எந்த ரயில் கூடாதோ அந்த ரயிலில்.

“இவரைத் தெரியுமாம்மா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

அக்கா கட்டுப் போட்ட முழங்கையிலிருந்து கட்டுப் போட்ட முழங்கால் வரைக்கும் அத்தானை நிதானமாகப் பார்த்தாள்.

“கொஞ்சம் யோசிச்சுச் சொல்லலாமா சார்?”

டீ ஆறுகிற அளவுக்கு யோசித்தாள். அப்புறம் கையெழுத்துப் போட்டாள். பேக்கரிக்காரரை அவர் வழிக்கு விட்டுவிட்டு, அத்தானின் கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் இழுத்தாள். ஒவ்வொரு படியாக, பல் பிடுங்கப் போகிறவர் மாதிரி இறங்கினார் அத்தான். ரயில் வந்தது. ஏறினோம். மடியில் பிதுங்கி வழிகிற பையோடு, வியர்த்து விறுவிறுத்து, ஒவ்வொரு முகமாக உற்று உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிர் சீட்டில் இருந்த அம்மாள் அவரைப் பார்த்தார். பையைப் பார்த்தார். மறுபடியும் அவரைப் பார்த்தார். பிறகு தன் குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

“ஏன் எழுந்து போறாங்க?” என்றார் அத்தான் பதறி. “அங்க ஏதாவது பார்த்தாங்களா?”

“பார்த்தாங்க” என்றாள் அக்கா.

நாலு நிமிடத்தில் எங்கள் நிலையம். நாலு நிமிடமும் அவர் அக்காவின் கையை விடவில்லை. கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை என்று அக்கா பிற்பாடு சொன்னாள். வலது கை மூட்டு மூன்று நாள் வலித்ததாம்.

வேலை கிடைத்தது. என் மருமகள் இப்போது தினமும் பதினெட்டு நிமிடம் போய், பதினெட்டு நிமிடம் வருகிறாள். அத்தானும் ரயிலுக்குத் திரும்பிவிட்டார். ஸ்கூட்டரை விற்றார். அவசரப் பையிலிருந்த பிஸ்கட் நமுத்துப்போய், கீழ்வீட்டு நாய்க்குப் போனது. எல்லாம் சுபம் என்று நாங்கள் நினைத்தோம்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், சாப்பாட்டு மேஜையில், அந்தப் பெண் வெகுளியாக ஒரு வார்த்தை சொன்னாள். ஒரு சொட்டுத் தண்ணீரை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் அதில் என்னென்ன நெளிகிறது தெரியுமா என்று. அத்தான் கையிலிருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் கண் சுருங்கியதை நான் பார்த்தேன்.

இப்போது வீட்டில் தண்ணீர் மூன்று தடவை கொதிக்கிறது. பெரிய அண்டாவில், தளதளவென்று. அதை அடுப்பிலிருந்து இறக்கி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வெறுங்காலோடு, சிந்தி ஈரமான சமையலறைத் தரையில், ஒவ்வொரு அடியாக அத்தான் நடந்து வருகிறார். முகத்தில் குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தி.

“எங்க வார்டுக்கு மேல் மாடிதான் தீக்காயப் பிரிவு” என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல். “அங்கயும் எனக்கு ஆளுங்களைத் தெரியும்.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். ‘நல்லவேளை, நாம் அப்படி இல்லை’ என்று ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்திருக்குமே? எனக்கும் அப்படித்தான் இருந்தது. அன்றைக்கு அந்தக் காரில் நான் சீட் பெல்ட் போடவில்லை என்பது மறுநாள்தான் எனக்கு உறைத்தது. இஸ்திரி போட்ட சட்டை கசங்குமே என்று முதுகுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். செருகிவிட்டு, சந்தேகத்துக்கு இடமான வண்டி ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, என்னை விடுங்கள். உங்களை ஒன்று கேட்கிறேன். இந்தப் புத்தகம் உங்கள் வீட்டு மேல் அலமாரியில்தானே இருந்தது? அதை எடுக்க எதன்மேல் ஏறினீர்கள்? சக்கரம் வைத்த நாற்காலியா? அதன்மேல் ஒரு முக்காலியையும் போட்டுக்கொண்டீர்களா? திருப்பி வைக்கும்போதும் அதே ஏற்பாடுதானா?

வேண்டாம். புத்தகம் கீழேயே இருக்கட்டும்.